அண்ணன் படித்த பிரதி

என் நாவல் வெளிவந்த மறு வாரமே ரத்தினவேல் அண்ணன் போன் செய்து என்னைப் பாராட்டினான். சொந்தத் தங்கையின் சாவுக்குக் காரணமானவன் என்று அவனைப் பற்றி எழுதிய நாவல் அது. பேரைக்கூட நான் மாற்றவில்லை.

"சொர்ணம், அண்ணன் பேசுறேன்த்தா" என்றான். "ஒரே மூச்சுல படிச்சேன். கண்ணுல தண்ணி நிக்கல. இத்தனை வருஷமா நீ என்னை வெறுக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள இப்படி வச்சிருக்கேன்னு தெரியாமப் போச்சே."

நான் ஒரு கையில் வெண்டைக்காயும் மறு கையில் கத்தியுமாக நின்றேன். நக்கல் செய்கிறானோ என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவனுக்கு நக்கல் வராது. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறான். மருந்துப் பெட்டிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் லேபிள் அடிக்கிறான். மிச்ச நேரமெல்லாம் செல்லில் நாவல் படிக்கிறவன். சின்ன வயதிலிருந்தே அந்தப் பைத்தியம் உண்டு. அதை நம்பித்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

"எந்த இடம்ணே பிடிச்சுது?" என்று கேட்டேன்.

"அந்த ஆஸ்பத்திரி இடந்தான். சுகந்தியைத் தோள்ல போட்டுக்கிட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரி படியேறி ஓடுறேன்ல, அங்கதான் என்னால முடியல."

அப்படி ஓர் இடமே என் நாவலில் கிடையாது.

நடந்தது வேறு. சுகந்தி எங்கள் இருவருக்கும் இளையவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வலிப்பு வந்தது. மாத்திரை போட்டாள், நின்றுபோனது. வருஷக்கணக்காக வரவேயில்லை. அருப்புக்கோட்டையில் வரன் அமைந்தபோது அண்ணன் விஷயத்தை மறைத்தான். அதோடு விட்டிருந்தால் அவள் யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டு பிழைத்துக் கிடந்திருப்பாள். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து, எடுத்துப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டான். கல்யாணமாகி ஒரு மாசம் ஆவதற்குள், துணி துவைக்கிற கல் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்து, மண்டையில் அடிபட்டுச் செத்துப்போனாள். காரியத்தன்று நான் எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்டேன். "விதி" என்றான். அன்றோடு பேச்சு முறிந்தது.

மறுபடி அவன் ஞாபகம் எனக்கு எதனால் வந்தது என்றால், மதினியால்தான். அண்ணன் பெண்டாட்டி பொன்மலர், அவனுக்குத் தெரியாமல் எனக்குப் போன் செய்தாள். அவர்களுடைய ஒரே மகள் ஹாசினிக்கும் வலிப்பு இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது, விருதுநகரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அவர் மறைக்கிறார் என்று அழுதாள். அண்ணன் என் போனை எடுக்க மாட்டான். எடுத்தாலும் பாதியில் குறுக்கே பேசுவான். புத்தகத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

போனை வைத்ததும் மெர்சியைக் கூப்பிட்டேன். மெர்சி ஜெபராணிதான் என் நாவலை 'ஏடு' செயலியில் ஏற்றியவள். இப்போது தமிழ்நாட்டில் புத்தகம், பத்திரிகை, பாடநூல் எல்லாமே ஏட்டில்தான்.

"என் நாவல்ல எவன் கை வச்சது?"

"யாரும் கை வைக்கலையேக்கா. ஏன், என்னாச்சு?"

சொன்னேன். "அது இணக்கம்க்கா. ஒப்பந்தத்துல இருக்குமே, வாசகர் நலன் கருதிச் செய்யப்படும் இணக்கங்கள்னு."

"கஷ்டமான சொல்லை எளிசாக்கும்னு சொன்னே. கதையவே மாத்தும்னு சொன்னியா?"

"முதல்ல சொல்லுதான் மாறிச்சு. அப்புறம் நீளமான வர்ணனையெல்லாம் குறைஞ்சுது, யாரும் கேக்கல. நெஞ்சுவலிக்காரங்க படிக்கையில சாவு வந்தா கொஞ்சம் தணிச்சாங்க. நல்லதுதானேன்னு நாங்களும் விட்டுட்டோம். செல்லு நம்ம கண்ணையே பாத்துக்கிட்டு இருக்குக்கா. புருவம் சுருங்குனா தெரியும். கையில கட்டுன வாட்ச்சு நாடித்துடிப்பைச் சொல்லிரும். இந்த வரியோட இவரு மூடி வச்சிருவாருன்னு தெரிஞ்சா அந்த வரியை மட்டும் மாத்தும். அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி அடுத்த வரி. அதுக்கு ஏத்த மாதிரி அடுத்தது."

"அப்படியே மாத்தி மாத்தி அவன் என் தங்கச்சியைத் தோள்ல தூக்கிட்டு ஓடுற வரைக்கும் வந்திருச்சாக்கும்."

"முழுசாப் படிச்சு முடிச்சிருக்காரேக்கா! உங்க புத்தகத்தைத் தொறந்தவங்கள்ல பாதியில விட்டவங்களே இல்ல. எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"எதை முடிச்சாங்க? என் புத்தகத்தையா?"

எனக்கு அப்போதுதான் பக்கத்து வீட்டு விமலா டீச்சர் ஞாபகம் வந்தது. "அந்தத் தேரோட்டம் கண்ணு முன்னாலயே நிக்கி" என்று இரண்டு நாள் முன்பு சொன்னாள். தேரே இல்லாத நாவலில் தேரோட்டமா, படிக்காமலே அளக்கிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். பாவம், அவள் படித்திருக்கிறாள். அவளுக்குத் தேர் ஓடியிருக்கிறது.

அதே போனில் அண்ணன் ஹாசினி கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தான். "ஒரே அத்தை, நீதான் முன்ன நிக்கணும்" என்றான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவனே வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். எனக்கு உள்ளே எரிந்தது. இல்லாத ஒரு மன்னிப்பை என்னிடம் வாங்கிக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக நடக்கிறான் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டே பின்னால் போனேன்.

வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரை வைத்துவிட்டு அவன் ஒரு விஷயம் சொன்னான். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகப் புத்தகம் போடுவது எங்கள் பக்கம் முன்பிருந்தே உண்டு. காகிதப் புத்தகம் அடிப்பது நின்ற பிறகு அது பெரிய இடத்து ஆடம்பரமாகிவிட்டது. வெள்ளிக் குங்குமச்சிமிழ் மாதிரிதான். வாங்கிக்கொள்கிறவர்கள் ஷோகேஸில் வைப்பார்கள்.

"ஹாசினி கல்யாணத்துக்கு உன் புத்தகத்தைத்தான் போடுறோம். நம்ம பிரஸ்லயே அடிக்கேன். கெட்டி அட்டை, தங்க எழுத்து. விருதுநகர்க்காரன் வாயைப் பொளக்கணும்."

"நீ படிச்சதையே எடுத்து அடிச்சிரலாமேண்ணே" என்று ஆழம் பார்த்தேன்.

"ஏட்டுக்காரன் அச்சுக்கு எடுக்க விடமாட்டான்த்தா. எழுதுனவங்க கையில இருக்க கோப்புதான் வேணும். ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்" என்றேன். அங்கேயே கோப்பை அனுப்பினேன்.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. ஐந்நூறு பை. சொந்தபந்தம், சங்கத்து ஆட்கள், சம்பந்தி வீடு எல்லோருக்கும் அவன் கையாலேயே எடுத்துக் கொடுப்பான். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இருந்தாலும் மனசாட்சி உறுத்தியது. "ப்ரூஃப் பாத்துருண்ணே" என்றேன்.

"நாந்தான் படிச்சாச்சே" என்று சிரித்தான். வாழ்நாள் பூராவும் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை ப்ரூஃபைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று விரட்டுகிறவன் அவன்.

மதியம் மாடிக்குப் போனேன். ஹாசினி முகூர்த்தப் புடவையின் ரவிக்கையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். லட்சணமான பெண், சுகந்தி சாயல் கொஞ்சம் உண்டு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அத்தை, உங்களுக்கு நான் தேங்க்ஸ் சொல்லணும்."

"எதுக்குடா?"

"மாத்திரையை நிறுத்திட்டேன். போன வாரத்தோட. உங்களாலதான்."

எனக்குப் புரியவில்லை. "என்னாலயா?"

"உங்க புத்தகத்துல சுகந்தி அத்தை நிறுத்துறாங்கள்ல. முதல்ல ராத்திரியெல்லாம் பயப்படுறாங்க, அப்புறம் ஒண்ணுமே வரல. மாமாகூட ஏற்காடு போறாங்க, படகுல உக்காந்து சிரிக்காங்க. அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? அப்பா நிறுத்தச் சொன்னப்ப நான் கேக்கவே இல்ல. நீங்க எழுதினதைப் பாத்துதான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் ஒருவனுக்காக எழுதினேன், அவனுக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்தது இவளுக்கு. அதுவும் தலைகீழாக.

"ஹாசினி, சுகந்தி எப்படிச் செத்தா தெரியுமா?"

"டெங்குக் காய்ச்சல்னு அப்பா சொல்லியிருக்காரு. புத்தகத்துலயும் கடைசியில அதான வருது?"

எல்லாவற்றையும் சொன்னேன். துவைக்கிற கல்லைச் சொன்னேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"டாக்டர் குடுத்த குறிப்பைப் படிச்சியா, இல்லையா?"

"படிச்சேன். தேவைக்கேத்த மாதிரி மாத்திக்கலாம்னுதான் போட்டிருந்துச்சு."

அதையும் ஏட்டில்தான் படித்திருக்கிறாள். பயந்த பெண்ணுக்குப் பயமில்லாத குறிப்பு.

"வா, இப்பவே டாக்டர்கிட்டப் போவோம்."

"கல்யாணத்தை வச்சுக்கிட்டு நரம்பு டாக்டர் வாசல்ல போய் நிக்கவா? அத்தை, நீங்க எழுதினது ஒண்ணு, நேர்ல சொல்றது ஒண்ணா இருக்கு. உங்களுக்கு அப்பா மேல கோபம் தீர்ற வரைக்கும் எதையாவது செய்வீங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்காரு. புத்தகம் படிச்சுட்டு, அப்படியெல்லாம் இல்லன்னு நான்தான் சண்டை போட்டேன்."

என் செல்லை எடுத்தேன். எழுத்தாளர் கணக்கில் திறந்தால் எனக்கு மூலம் அப்படியே தெரியும். அந்த அத்தியாயத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் குனிந்தாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே எழுத்துகள் லேசாக மங்கி, ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தெளிந்தன. துவைக்கிற கல் போய்விட்டது. படகு வந்துவிட்டது.

"இதானே அத்தை நானும் படிச்சேன்" என்றாள் ஹாசினி.

செல்லைப் பிடுங்கினேன். கல் வந்தது. அவளிடம் கொடுத்தேன். படகு வந்தது. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்திருப்பாள். எனக்கு வந்த கோபத்தில் செல்லைத் தூக்கிச் சுவரில் எறிந்திருப்பேன். எறிந்தால் மட்டும் அவள் நம்பிவிடுவாளா?

அதன்பிறகு ஐந்நூறு பை எனக்கு மறந்தே போனது. அண்ணன் மானம் போனால் என்ன, இருந்தால் என்ன. இந்தப் பெண் மாத்திரை இல்லாமல் நடமாடுகிறாள், குளிக்கப் போகிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். ஒவ்வொரு தடவை குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோதும் எழுந்துபோய் வெளியே நின்றேன். மதினியிடம் சொன்னேன். "மாத்திரை அட்டையை அவர்தான் வாங்கி வச்சுக்கிட்டாரு, எங்க வச்சிருக்காருன்னு தெரியல சொர்ணம்" என்று கையைப் பிசைந்தாள்.

மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போனேன். வீட்டை ஒட்டினாற்போல் பெரிய ஷெட். லேபிள் வேலையை நிறுத்திவிட்டு என் நாவலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம் விழுகிறது. மடித்தால் ஒரு ஃபாரம். நான் தேடிய அத்தியாயம் வரும்வரை நின்றேன். மெஷின்காரரிடம் கேட்டு ஒரு தாளை வாங்கி, மை காயும் முன்பே மடித்து, ஓரத்தைப் பிளேடால் கிழித்தேன். ஹாசினிக்குப் போன் செய்து, "உன் தாம்பூலப் புத்தகம் எப்படி வந்திருக்குன்னு பாக்க வாயேன்" என்றேன்.

அண்ணன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் அறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். ஹாசினி வந்தாள். ஃபாரத்தை அவள் கையில் கொடுத்தேன். பாடநூலைக்கூடக் காகிதத்தில் படித்திராத பிள்ளை அது. எங்கே தொட்டால் எழுத்து பெரிதாகும் என்று விரல் தானாகத் தேடியது. பிறகு படிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது பக்கத்தில் நின்றாள். தலையைத் திருப்பி மெஷினைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். இன்னொரு தடவை திருப்பினாள், இன்னொரு தடவை பார்த்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. பிடிக்காத வரி வந்தால் ஒரு தடவை கண்ணை எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள், மாறியிருக்கும். பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்படித்தான் பழக்கம்.

"இது ஏன் அத்தை அப்படியே இருக்கு?"

"காகிதம்மா. அதுக்கு உன்னைத் தெரியாது."

அவள் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. உதடு அசைய அசையப் படித்தாள். ஒரு பக்கத்தின் நடுவில் வந்ததும் அந்த இடத்தை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தாள். தாளை மூடவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக அப்பா அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, இந்தப் பக்கத்தைப் படிங்க."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டு ஆசையாகத்தான் வாங்கினான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தான். நாலு வரி தாண்டவில்லை. என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில், குழப்பம்தான் இருந்தது.

"தப்பான கோப்பைக் குடுத்துட்டியே சொர்ணம். இது நீ முதல்ல எழுதினது போலிருக்கு. அப்புறம் திருத்தினேல்ல, அது எங்க?"

"நான் எதையும் திருத்தலண்ணே."

"திருத்தியிருக்கே. நான் படிச்சேன். என்னை மன்னிச்சுட்டுத்தானே அப்படி எழுதினே?"

"செல்லு உன்னை மன்னிச்சிருக்கு. நான் மன்னிக்கல."

அவன் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். சத்தம் அடங்கியது. "கல்யாண வீட்டுல பழி தீக்க வந்தியா? உன் இஷ்டத்துக்கு எழுதிட்டா நடந்ததுன்னு ஆயிருமா? எவளோ சொன்ன கட்டுக்கதை!"

"கட்டுக்கதையாப்பா?" என்றாள் ஹாசினி. அவன் கையிலிருந்து தாளை வாங்கினாள். நிறுத்தாமல் வாசித்தாள். "'ஒரு பிள்ளை பொறக்குற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. பேரப்பிள்ளையைக் கையில வாங்கிட்டா அப்புறம் எவனும் பொண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டான்.' இது சுகந்தி அத்தைகிட்ட நீங்க சொன்னதா எழுதியிருக்காங்க."

"அப்படியெல்லாம் நான் சொன்னதே—"

"என்கிட்டச் சொன்னீங்களேப்பா. ஜவுளி எடுத்துட்டுக் கார்ல வரும்போது. அம்மா முன்னாடியே இறங்கிட்டாங்க, நீங்களும் நானும் மட்டுந்தான் இருந்தோம். ஒரு வார்த்தைகூட மாறல, இதேதான். அத்தைக்கு எப்படித் தெரியும்?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தை அவன் இரண்டாவது தடவையும் சொல்லியிருப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "சுகந்தி எனக்குப் போன்ல சொன்னாம்மா" என்றேன். "உங்கப்பா குரல்லயே பேசிக் காட்டினா. சொல்லிட்டுச் சிரிச்சா. அதுதான் நான் அவகூடக் கடைசியாப் பேசினது."

அண்ணன் நின்றபடியே இருந்தான். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். இழுப்பறையைத் திறந்து, ரசீதுப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து ஹாசினி முன்னால் வைத்தான். எனக்கு அவனை நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று இத்தனை வருஷமாக நாக்கு துடித்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஹாசினியை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டருக்குப் போன் செய்தோம். அந்த அம்மா திட்டிய திட்டில் செல்லே சூடாகிவிட்டது. எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று சொல்லி, அன்றைக்கே நேரில் வரச் சொன்னார்.

போகும் முன் ஹாசினி ஃபாரத்தை விரித்து, செல்லில் படம் எடுக்கப் போனாள். மாப்பிள்ளை பிரணவுக்கு அனுப்புவதற்காம். செல்லைத் தூக்கியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அவன் செல்லுல பாத்தா படத்துல இருக்க எழுத்தும் வேற மாதிரிதான் தெரியும், இல்ல?"

"ஆமா."

"அப்போ நானே கொண்டுபோறேன்." தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே விருதுநகருக்குப் போனாள். மதினிதான் கூடப் போனாள். அண்ணன் தடுக்கவில்லை.

சம்பந்தி வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பிரணவின் அப்பா மண்டபத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போனார். அவன் அம்மா மூன்று டாக்டர்களிடம் கேட்டார். முகூர்த்தம் ஒரு மாசம் தள்ளிப்போய், வந்தவர்கள் ஆளுக்கொன்று பேசி, கடைசியில் கல்யாணம் நடந்தது. பிரணவ் மட்டும் முதல் நாளிலிருந்தே உறுதியாக நின்றான். "என்கிட்ட உண்மையைச் சொல்ல ஒரு தாளைத் தூக்கிட்டு வந்திருக்கா, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டானாம். பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் ஹாசினி எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன். தாம்பூலப் பையில் தேங்காய்தான் இருந்தது. அச்சான ஃபாரங்களையெல்லாம் அண்ணன் கழிவுத்தாளோடு போட்டுவிட்டான். நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவன்தான் வந்தான். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, வெளியே நின்றபடி கேட்டான்.

"சொர்ணம், உன் புத்தகத்தை ஏட்டுல நீ படிச்சிருக்கியா? எழுதுனவளா இல்ல. எங்களை மாதிரி."

"நான் எதுக்குப் படிக்கணும்? எனக்குத்தான் தெரியுமே."

"ஒரு தடவை படி. படிச்சுட்டு அப்புறம் என்னை எவ்வளவு வேணா திட்டு."

பஸ் கிளம்பியது. திமிரைப் பார் என்று நினைத்தேன். சாத்தூர் வரை செல்லைத் தொடவில்லை. அப்புறம் என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று எழுத்தாளர் கணக்கை மூடி, வாசகராக உள்ளே போனேன். கண்ணைப் பார்க்க அனுமதி கேட்டது. கொடுத்தேன்.

முதல் அத்தியாயங்கள் அச்சு அசல் என்னுடையவைதான் என்று தோன்றியது. போகப்போக அண்ணன் நான் எழுதியதைவிடக் கொடியவனாக இருந்தான். நான் எழுதாத இடத்திலெல்லாம் சுகந்தியை அடித்தான். எனக்கு அது பிடிக்கும் என்று செல்லுக்குத் தெரிந்திருக்கிறது. சீ என்றிருந்தது. மூடிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். உடனே அடுத்த பக்கத்தில் தபால்காரர் வந்தார்.

நான் எழுதியது இவ்வளவுதான்: சுகந்தி போனில் பேசிய அன்றே, அப்போது சென்னையில் இருந்த நான் மாத்திரை வாங்கி, பொட்டலம் கட்டி, அருப்புக்கோட்டைக்கு அனுப்பினேன். காரியத்தன்றுதான் அது அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டது நான்.

செல்லில் இருந்தது வேறு. வெயில் ஏறும் முன்பே தபால்காரர் மணியடித்தார். துவைக்கிற கல்லில் துணியைப் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி சுகந்தி வாசலுக்கு வந்தாள். அனுப்பியவர் பேரைப் படித்துச் சிரித்தாள். "என் அக்காதான்" என்று அவரிடம் சொன்னாள். உள்ளே போய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பொய் என்று எனக்குத் தெரியும். என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், மறுநாள் எழுந்தாள், அதற்கு மறுநாளும் எழுந்தாள். அவளுக்கு முப்பது வயசாகி, நாற்பதாகி, தலை நரைத்து, என் வீட்டுக்கு வந்து என் சாம்பாரில் உப்பு இல்லை என்று குறை சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை, கண்ணை எடுத்தால் மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

கயத்தாறு தாண்டும்வரை நான் அதை மூடவில்லை.